ஓலை படித்து மரம் செதுக்கும் பொறி

கிழக்கே கடலும் மேற்கே கடம்பமலையும் காவல் நிற்க, ஏரி நிரம்பி, நெல் பெருகி, வழக்குக் குறைந்து விளங்கும் செங்கடம்ப நாட்டின் காவலர், துறை ஏழும் திறந்தவர், நெடுவேள் ஆதனார் திருவுளம் பற்றி, அவருடைய தொழிற்காரிய அமைச்சர் கொற்றங்குடையார் எழுதுவித்த திருவோலை. ஒன்பது ஊர்த் தச்சர் அவையாரும் மனைமக்களோடும் பட்டறையோடும் நலம் கூடி வாழ்க. உங்கள் உளிமுனை மழுங்காதிருக்க. நீங்கள் எடுக்கும் பலகையில் முடிச்சு இல்லாதிருக்க.

காரியம் இது. ஆழித்துறைத் தச்சர் தேவன் மகள் சிங்கநங்கை கட்டிய பொறியைப் பற்றி, அதில் பேய் குடியிருக்கிறது என்று ஓரூரிலும், அது மரத்தைத் தின்கிறது என்று இன்னோர் ஊரிலும் பேச்சு நடப்பதாக அறிந்தோம். ஆகையால் நடந்ததை நடந்தபடியே முறைவைத்து எழுதுகிறோம்.

நோயாளர் தங்கி மருந்துண்ணும் ஆதுலர்சாலை ஒன்றை அரசர் ஆழித்துறையில் எழுப்பினார். அறை நாற்பது, கதவு நாற்பது, கதவுக்கு ஒரு தாமரை செதுக்க வேண்டும் என்பது அரசர் விருப்பம். இருக்கிற கைகளைக் கொண்டு அடுத்த ஆண்டு அறுவடைக்குத்தான் முடியும் என்று அவ்வூர்த் தச்சர் அவையார் விண்ணப்பித்தார்கள். அது பொய்யல்ல. ஆனால் அதே அவையில் கடைசி வரிசையில் இருந்த சிங்கநங்கை எழுந்து, மழைக்கு முன்னே நாற்பதும் தருவதாகச் சொல்லிவிட்டாள். சொன்ன கையோடு வீட்டுக்கு ஓடினாள்.

ஏனெனில் அவள் நம்பியது பாதி கட்டிய ஒரு பொறியை. அதைப் பார்த்தவர்கள் சிரித்தது இயல்பே. உடைந்த பல்லக்கின் கொம்பு இரண்டு, செக்கடியில் கிடந்த திருகுமரம் மூன்று, கிணற்று உருளை, பழந்தறியின் சட்டம்: ஊரார் வேண்டாமென்று ஒதுக்கியதெல்லாம் அவள் வீட்டுப் பின்கட்டில் ஒன்றாய்க் கூடியிருந்தன. வாய்க்கால் நீர் ஒரு சக்கரத்தைச் சுற்றும். சக்கரம் உளியைச் சுழற்றும். ஒரு திருகு உளியை இடம் வலமாகவும், மற்றொன்று முன் பின்னாகவும், மூன்றாவது மேல் கீழாகவும் கொண்டுசெல்லும். எந்தத் திருகு எப்போது திரும்ப வேண்டும் என்பதைச் சொல்வது பனையோலை. ஓலையில், ஒவ்வொரு திருகுக்கும் இரண்டு திசை என்று, ஆறு வரிசையாகத் துளை குத்தியிருக்கும். மேலே தொங்கும் மூங்கில் ஊசி துளையில் விழுந்தால் அதற்குரிய திருகு ஒரு பல் நகரும். விழாவிட்டால் சும்மா இருக்கும். அவ்வளவுதான். இதில் பேய்க்கு இடமில்லை.

முதல் மாதம் அது நேர்கோடு போடச் சொன்னால் பாம்பு போட்டது. பல்லக்குக் கொம்பு வளைந்திருந்ததே காரணம். அவள் நூல் கட்டிப் பார்த்து, இழைத்து, மறுபடி நூல் கட்டிப் பார்த்து, கடைசியில் கோடு கோடாகவே வந்த அன்று தெருவுக்கெல்லாம் அவல் பிசைந்து கொடுத்தாள்.

அவைத் தலைவர் பெருந்தச்சர் காடன் மல்லனாருக்கு இது பிடிக்கவில்லை. ஒவ்வொரு தச்சருக்கும் ஓர் உளிக்குறி உண்டு என்பதும், அது அவைத்தூணில் வெட்டப்பட்டிருக்கும் வரைதான் அவர் இந்நாட்டில் மரம் தொடலாம் என்பதும் நீங்கள் அறிந்ததே. சிங்கநங்கையின் குறி நண்டு. உளி பிடிக்காத கைக்கு உளிக்குறி எதற்கு என்று மல்லனார் கேட்டார். பௌர்ணமியன்று அவையார் கண்முன் பொறி ஒரு கதவை முதலிலிருந்து முடிவு வரை செதுக்க வேண்டும், பிசகினால் நண்டைச் சீவிவிடுவோம் என்று தீர்ப்பாயிற்று. அவள் ஒப்புக்கொண்டாள்.

ஒரு கதவுக்கு முப்பது ஓலை. துளை எங்கெங்கே என்று அவள் கரியால் புள்ளி வைத்துக் கொடுக்க, ஓலைக்காரர் பொதுவனார் குத்திக் கொடுத்தார். இருபது ஆண்டாக ஊர்ச் சாசனமெல்லாம் எழுதியவர். எழுத்து முத்து முத்தாக இருக்கும். பௌர்ணமிக்கு நான்கு நாள் முன்னே ஒத்திகை பார்த்தார்கள். முதல் இதழ் அழகாக வந்தது. நாலாவது இதழ் கொஞ்சம் பள்ளம். எட்டாவது இதழில் உளி பலகையைத் துளைத்து மறுபக்கம் போய்விட்டது. அந்த ஓட்டை வழியே வாய்க்கால் தெரிந்தது.

இரண்டு நாள் அவள் சோறு நினைக்கவில்லை. திருகைக் கழற்றினாள், சக்கரத்தைக் கழற்றினாள், எண்ணெய் மாற்றினாள்; குற்றம் காணவில்லை. தூணில் நண்டு இல்லாத இடம் எப்படி இருக்கும் என்று நினைத்தபோது கை தானாக நின்றது. மூன்றாம் நாள் கெட்ட பலகையையே மடியில் வைத்துக்கொண்டு பள்ளத்தை விரலால் தடவிப் பார்த்தாள். பள்ளம் சரிவாக இறங்கவில்லை, படிபடியாக இறங்கியது. படிகளை எண்ணினாள். இருபத்தொன்பது. முப்பது ஓலைக்கு நடுவே இருபத்தொன்பது மாற்றம்; ஓலைக்கு ஓலை ஒரு படி.

உடனே ஓலைக்கட்டை எடுத்தாள். கட்டு, கயிறு கோத்து அழகாக இருந்தது. கயிறு போவதற்கு ஒவ்வோர் ஓலையிலும் கண் துளை இருந்தது. பொதுவனார் பழக்கத்தால் குத்தியது. அவள் வைத்த புள்ளியில் அது இல்லை. அந்தக் கண், கீழே இறங்கு என்னும் வரிசையில் விழுந்திருந்தது. பொறி பாவம், கயிற்றுக்கென்று தெரியாமல், சொன்ன சொல்லைக் கேட்டு ஓலைக்கு ஒரு தரம் இறங்கியிருக்கிறது.

"பொதுவரே, மரத்துக்கும் கயிறு கோக்கப் பார்த்தீரா?" என்று அவள் கேட்டாளாம். அவர் தலையில் கை வைத்துக்கொண்டு, "கண் குத்தாம ஒரு ஓலையை இந்தக் கை விட்டதில்லையே அம்மா" என்றாராம். பிறகு இருவரும் சிரித்த சிரிப்பில் வாய்க்கால் கொக்குகள் எழுந்து பறந்ததாக அண்டை வீட்டார் சாட்சி சொன்னார்கள். அன்று பொழுது சாய்வதற்குள் முப்பது கண்ணையும் அரக்கு உருக்கி அடைத்தார்கள்.

பௌர்ணமி காலையில் அவை கூடியது. நண்டைச் சீவ உளியும் கொட்டாப்புளியும் தயாராக இருந்தன. ஓலை ஒவ்வொன்றாக உள்ளே போயிற்று. இருபதாம் ஓலைக்குப் பிறகு சிங்கநங்கை பொறியைப் பார்க்காமல் நீரையே பார்த்துக்கொண்டிருந்தாள். முப்பதும் போய்ச் சக்கரம் நின்றதும், மல்லனார் தாமே குனிந்து, எட்டு இதழிலும் நெல்மணி வைத்து ஆழம் அளந்தார். எட்டும் ஒன்று. நெடுநேரம் அவர் எழுந்திருக்கவில்லை. எழுந்தபோது, பொறி நன்று, ஆனால் செதுக்கியது அவள் கையல்லவே என்று பழைய கேள்வியையே கேட்டார்.

அதற்கு அவள் சொன்ன சொல்லை மாற்றாமல் எழுதுகிறோம்:

"பெரியவரே, ஒரு துளை கூடினதுக்கே ஒரு பலகை போச்சு. துளை எங்க வரணும்னு பொறிக்குத் தெரியாது. இருபது வருசம் உளி பிடிச்ச கைக்குத்தான் தெரியும்."

 பின்னர் மல்லனார், சிங்கம் செதுக்க எத்தனை ஓலை ஆகும் என்று தாழ்ந்த குரலில் வினவினார். அவள் இருநூறு என்றாள். பிடரிமயிர் தம் முறைப்படிதான் சுருள வேண்டும் என்றும், புள்ளி தாமே வைத்துத் தருவதாகவும் சொன்னார் அவர். மாலைவரை அவர் அந்தப் பின்கட்டை விட்டு நகரவில்லை. நாற்பது கதவும் மழைக்கு ஆறு நாள் முன்னே நிலையில் ஏறின.

ஆகவே அரசர் ஆணை: தாமரை ஓலையின் படி ஒன்பது அவைக்கும் இத்துடன் வருகிறது, கயிற்றுக்குக் கண் இல்லை, துணியில் சுற்றி வைப்பீராக. பொறியின் அளவும் வரைவும் உடன் வருகின்றன, ஊரில் கிடக்கிற மரத்தைக் கொண்டே கட்டுக, கேட்டவருக்கு மறைக்காதிருக்க. பொறி செதுக்கிய பலகையில், புள்ளி வைத்தவருடைய உளிக்குறி இடப்படும். ஆழித்துறை அவைத்தூணில் உள்ள நண்டு அப்படியே நிற்க. நாளடைவில் மங்கியிருக்கும் அதன் கால்களைப் பெருந்தச்சர் காடன் மல்லனார் தம் கையாலேயே, இன்னும் ஆழமாக வெட்டித் தருவாராக.

இது திருவாணை. கடம்ப முத்திரை இட்டோம். இவ்வோலை கண்டவர் கண்ட நாளிலேயே செய்க.