ஒரே இலக்கத்தில் இரண்டு கொம்பியூட்டர்

வவுனியாவில் தங்கள் வீட்டிலேயே கொம்பியூட்டர் வகுப்பு நடத்திய தயாபரனுக்கும் மனைவி சிவரூபிக்கும் முந்தின நாள் சண்டை. வகுப்பு முடிந்ததும் இரண்டு கொம்பியூட்டர்களை வயரால் இணைத்து, கார் ஓட்டப் போட்டி விளையாடப் பார்த்தார்கள். இணைப்பு வரவேயில்லை.

"உம்மட மிசின்தான் பழுது" என்றான் அவன்.

"உங்கடதுதான்" என்றாள் அவள்.

காலையில் அவன் முகத்தை நீட்டிக்கொண்டு சந்தைக்குப் போனதும், அவள் இரண்டையும் போட்டுப் பார்த்தாள். பார்த்துவிட்டு வாய்விட்டுச் சிரித்தாள். பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கப் புறப்படும் அவசரத்தில் ஒரு சீட்டு எழுதி அவனுடைய கீபோர்ட்டில் வைத்தாள்.

"இஞ்சேருங்கோ, புட்டும் சம்பலும் குசினியில மூடி வைச்சிருக்கு. அலுமாரியைப் பூட்டின திறப்பு மேசையில கிடக்கு. வயரிலயும் பிழையில்லை, மிசினிலயும் பிழையில்லை. ரெண்டுக்கும் ஒரே இலக்கத்தைக் குடுத்து வைச்சிருக்கிறம். ரெண்டு வீட்டுக்கு ஒரே விலாசம் எண்டால் தபால்காரன் எங்க போவான்? ஆர் குடுத்தது எண்டு நான் கேக்கேல்லை. என்ரையை மாத்திப்போட்டன். முதல் உங்கட மிசினில ஆட்டத்தைத் தொடங்குங்கோ, பிறகுதான் என்ரை வந்து சேரும். இப்ப ரெண்டு காரும் ஒரே ரோட்டில நிக்குது!"

அடியில் இடமில்லாமல் ஓரத்தில் சரித்து எழுதினாள்: "நான் வர முதல் தனிய ஓடிப் பழகக்கூடாது."

பின்னேரம் அவள் திரும்பியபோது, சீட்டின் மறுபக்கத்தில் அவன் எழுதியிருந்தான்: "இலக்கம் குடுத்தது நான்தான். ஓடிப் பழகினதும் நான்தான். தேத்தண்ணி ஊத்தி வைச்சிருக்கிறன். குடிச்சிட்டு வந்து என்னைத் தோக்கடியும்."