இரண்டு ஏரியும் ஒரே நாளில்

மேற்குத் தாம்பரம்
3.12.1991

அன்பு மகள் யூனிஸுக்கு அம்மா எழுதுவது. கர்த்தர் கிருபையால் நானும் அப்பாவும் சுகம், ஷில்லாங் குளிரில் நீயும் அப்படியே இருக்க வேண்டுமென்றுதான் தினமும் ஜெபம். இங்கே மழை என்று கேட்டுப் பயந்திருப்பாய், நம் ரயில்வே குவார்ட்டர்ஸில் தண்ணீர் ஏறவில்லை.

முடிச்சூர் மனை என்ன ஆயிற்று என்று கேட்டிருந்தாய். வருகிற மார்ச்சில் ரிடையரானதும் குவார்ட்டர்ஸைக் காலி செய்ய வேண்டுமே என்று அப்பா அந்த மனையையே பிடித்துக்கொண்டிருந்தார், அடையாற்றுக்குப் பக்கம் என்பதால் எனக்குத்தான் மனம் ஒப்பவில்லை. அப்பா லேசுப்பட்டவரா, ஞாயிறு ஆராதனை முடிந்ததும் சைக்கிளில் ஆதனூர் போய், அந்த ஊர் ஏரி வழிந்தால் முடிச்சூரில் எவ்வளவு தண்ணீர் நிற்கும் என்று விசாரித்தார், கணுக்கால் என்றார்களாம். அடுத்த வாரம் மணிமங்கலம் போய் அங்குள்ள ஏரியைப் பற்றிக் கேட்டதற்கு முழங்கால் என்றார்களாம். தரகர் முனிரத்தினமும், முட்டிக்கு மேல வராது சார், மூணு அடி பேஸ்மெண்ட் போட்டுக்கினா ராஜாவாட்டம் இருக்கலாம் என்று சொல்லிவிட்டார். அப்பாவுக்குப் பரீட்சையில் பாஸான சந்தோஷம். நான் ஒன்றுதான் கேட்டேன், இரண்டு ஏரியும் ஒரே நாளில் வழிந்தால் என்ன ஆகும் என்று. ஒரு அடுப்பில் பால் பொங்கினால் ஓடிப்போய் இறக்கலாம், இரண்டிலும் சேர்ந்து பொங்கினால் எதைப் பிடிப்பது. அதை மட்டும் அவர் ஒருவரிடமும் கேட்கவில்லை. மழைக்காலம் போகட்டும், அப்புறம் பத்திரம் பதியலாம் என்று பிடிவாதமாக நின்றேன், அதற்காக என்னிடம் முகம் கொடுத்துப் பேசாமல், ரசத்தில் உப்பில்லை என்பதைக்கூடச் சுவரைப் பார்த்துத்தான் சொன்னார்.

போன வாரம் அதேதான் நடந்தது. இரண்டு ஏரியும் சேர்ந்து வழிந்தன, ஆறும் நிரம்பிப் போனதால் தண்ணீர் வடிய இடமில்லை. அந்த முடிச்சூர் மனைக்கு அடுத்ததில் போன வருஷம் வீடு கட்டிக் குடிபோன எட்மண்ட் சாரும் மூன்றடி பேஸ்மெண்ட்தான் போட்டிருந்தார், ஜன்னல் வரை ஏறிவிட்டது. மொட்டைமாடியிலிருந்து படகில் இறக்கிக் கொண்டுவந்தார்கள், இப்போது குடும்பமே நம் கூடத்தில்தான் இருக்கிறது. பிள்ளைகளின் புத்தகங்களை ஃபேனுக்கடியில் விரித்துக் காயவைக்கிறேன். அவர் மனைவியின் முகத்தைப் பார்த்தால் நான் சொன்னதுதான் சரி என்ற நினைப்பே எனக்கு வரவில்லை.

அப்பா இப்போது சேலையூரில் மேட்டு மனை ஒன்று பார்த்திருக்கிறார், ஸ்டேஷன் தூரம் என்று முணுமுணுத்துக்கொண்டே. நேற்றுக் குடும்ப ஜெபத்தில் வழக்கம்போல ஆகாரத்துக்கும் ஆரோக்கியத்துக்கும் நன்றி சொன்னார். பிறகு, கேள்வி கேட்கிற சாராளுக்காகவும் ஸ்தோத்திரம் ஆண்டவரே என்றார். எட்மண்ட் சார்தான் முதலில் ஆமென் சொன்னார். நான் கண்ணைத் திறக்கவில்லை, திறந்திருந்தால் அழுதிருப்பேன்.

ஸ்வெட்டர் போடாமல் வெளியே போகாதே. ஆண்டவர் உன்னைக் கண்மணிபோல் காத்து, பண்டிகைக்கு நல்லபடியாகக் கொண்டுவந்து சேர்க்கட்டும். அப்பாவுக்குத் தனியாக ஒரு கார்டு போடு, ஆனால் மனை விஷயமாக அவரைக் கேலி செய்யாதே, அந்த உரிமை எனக்கு மட்டும்தான்.

இப்படிக்கு,
உன் அன்புள்ள அம்மா,
சாராள்