அடுப்படிக்குக் கீழே போன எல்லை

தாருஸ்ஸலாம்
21 ஜனவரி 1996

அன்புள்ள லியோகாடியா அக்காவுக்கு,

தம்பி ரொகாத்தி எழுதுவது. நீ பஸ்ஸில் கொடுத்தனுப்பிய வாழைத்தார் அடிபடாமல் வந்து சேர்ந்தது. மலையிலிருந்து இறங்கியதும் இந்த ஊர் வெக்கை உடம்புக்கு ஒத்துக்கொள்ளவில்லை. பெனடெட்டாவும் குழந்தையும் நலம். ஒரே குழந்தைதானா என்று மறுபடியும் கேட்காதே.

ஒரு வேலை சொல்கிறேன். கிறிஸ்துமஸுக்கு வந்தபோது என்னோடு வந்த மாணவர்கள் தோட்டத்தில் குச்சி நட்டுக்கொண்டு போனார்களே, அந்த வரிசையில் மழைக்கு முன் வேலிக்கு இசாலேச் செடி நட்டுவிடு. பக்கத்துத் தோட்டத்து ஷிரிமாவின் அவரைப் பாத்தி வருஷா வருஷம் நம் ஊற்றைப் பார்த்து நகர்கிறது. மலையில் ஆள் பெருகப் பெருக எல்லோருக்கும் தண்ணீர் மேல்தான் கண். என் ஆராய்ச்சியே அதைப் பற்றியதுதான். குச்சியென்றால் பிடுங்கிப் போடுவான். இசாலே எல்லையை நட்டவர்களே பிடுங்கக் கூடாது என்று இருக்கும்போது அவன் எங்கே கை வைக்கப்போகிறான். கூலிக்கு ஆள் வைக்காதே. நீயும் பிள்ளைகளும் உங்கள் கையாலேயே நடுங்கள்.

அம்மா கல்லறைக்கு இடது பக்கத்து இடத்தில் மட்டும் எதையும் வைத்துவிடாதே. அது எனக்கென்று அம்மாவிடமே சொல்லிவைத்திருக்கிறேன். எங்கே சுற்றினாலும் கடைசியில் படுக்க வருவது அங்கேதானே.

உன் அன்புத் தம்பி,
ரொகாத்தி


ரொம்போ
31 மார்ச் 1996

அன்புத் தம்பி ரொகாத்திக்கு,

அக்கா எழுதிக்கொண்டது. இங்கே எல்லோரும் சுகம். நீ சொன்ன வேலை முடிந்தது. பிள்ளைகள் ஐந்தும் நானுமாக நட்டோம். மழையும் சொல்லிவைத்தாற்போல் வந்தது, ஒன்றுகூடப் பட்டுப்போகவில்லை.

உன் மாணவர்கள் படித்த பிள்ளைகள்தானா? குச்சி வரிசை நம் அடுப்படிக்குக் கீழே போகிறது. ஊற்று வீட்டுக்கு மேலே இருக்கிறது, ஷிரிமாவின் பாத்தியும் மேலே. நான் நட்டுக்கொண்டிருக்கும்போது அந்த மனுஷன் வாழைப்பழச் சாராயக் குடுவையோடு வந்து நின்றுகொண்டு சிரிக்கிறார்.

"ஏம்மா லியோகாடியா, ஊர்ல எல்லாரும் வீட்டை உள்ள வெச்சு வேலி போடுவாங்க. நீ வீட்டை வெளிய தள்ளிட்டுப் போடறியே?"

"என் தம்பி போட்ட கோடு. அவனுக்குத் தெரியாததா உங்களுக்குத் தெரிஞ்சுடப் போவுது?"

"அதுவும் சரிதான். எழுதப் படிக்கத் தெரியாதவனுக்கு மேலுங் கீழும் எங்க தெரியுது."

எனக்குக் கோபம் வந்துவிட்டது. ஆனாலும் கேட்கிறேன், ஏன் அப்படிப் போகிறது?

ஆள் பெருகிவிட்டது என்று எழுதுகிறாயே, கால்வாய் தூர் வார வந்து பார். அப்பா காலத்தில் கொம்பு ஊதினால் வீட்டுக்கு இரண்டு பேர் மண்வெட்டியோடு வருவார்கள். இப்போது ஊதினால் நானும் ஷிரிமாவும் நாலு கிழவர்களும். இளவட்டமெல்லாம் உன்னைப் போலப் பட்டணத்தில். தூர் வாராத கால்வாயில் தண்ணீர் எப்படி வரும்? நாம் ஏழு பேர் பிறந்ததில் நீ ஏழாவது. அம்மா உன் கணக்கைக் கேட்டிருந்தால் எனக்குக் கடிதம் எழுத ஆளே இருந்திருக்காது போ.

பிள்ளைகளை இழுத்துக்கொண்டு புருஷன் வீட்டிலிருந்து நான் திரும்பி வந்த நாள் ஞாபகம் இருக்கிறதா? அண்ணன்மார் யாரும் வாய் திறக்கவில்லை. நீதான் சொன்னாய்: "அப்பன் வீடு கடைக்குட்டிக்குத்தானே? அந்தக் கடைக்குட்டி சொல்றேன், இது அக்கா வீடு." நீ சொன்ன இடத்தில் எது வேண்டுமானாலும் நடுவேன்.

அன்புடன்,
உன் அக்கா லியோகாடியா


தாருஸ்ஸலாம்
16 ஜூன் 1996

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதத்துக்கு உடனே பதில் எழுத முடியவில்லை. வேலை கழுத்தை நெரிக்கிறது. கோடு நேராகப் போக வேண்டும் என்பதால் அப்படிப் போட்டார்கள், வேறொன்றுமில்லை.

கால்வாயைப் பற்றி நீ சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. ஆனால் இந்தத் தோட்டத்தை உன் மூன்று பையன்களுக்குப் பிரித்தால் ஒவ்வொருவனுக்கும் எவ்வளவு வரும்? அவர்கள் விறகுக்கு எங்கே போவார்கள்? மேலே காட்டுக்குத்தானே? கீழே சமவெளியில் நல்ல நிலம் கிடைக்கிறது, பள்ளிக்கூடமும் பக்கத்தில். ஒரு நடை போய்ப் பார்த்துவிட்டு வாயேன். சும்மா சொல்கிறேன்.

ரொகாத்தி


ரொம்போ
8 செப்டம்பர் 1996

ரொகாத்தி,

செவ்வாய்க்கிழமை உன் ஆட்கள் ஜீப்பில் வந்தார்கள். ஊற்றுக் காப்புத் திட்டமாம். ஊரைக் கூட்டிவைத்து ஒருவர் எழுந்து சொன்னார்: "மத்த எடத்துல எல்லாம் நாங்கதான் எல்லை போடணும். இங்க ஒரு குடும்பம் தானாவே முன்வந்து, தன் கையாலயே இசாலே நட்டுக் குடுத்திருக்கு. வீட்டையும் விட்டுக் குடுக்கறாங்க. எல்லாரும் கை தட்டுங்க."

ஊர் கை தட்டியது. யாரைச் சொல்கிறார்கள் என்று நானும் திரும்பித் திரும்பிப் பார்த்தேன். பிறகுதான் என் பேரைச் சொன்னார்.

இசாலேக்கு மேலே இருப்பதெல்லாம் இனி காடாம். வீடு, அடுப்படி, மாட்டுக்கொட்டில், அம்மா எல்லாம் மேலே. வாரிசு என்று நீ சம்மதம் கொடுத்தாயிற்றாம். "எங்க தலைவரே தன் சொந்த வீட்டுலேருந்துதான் தொடங்கினார்" என்று பெருமையாகச் சொன்னார். நீ அந்தத் திட்டத்துக்குத் தலைவரான சேதியை இப்படித்தான் தெரிந்துகொண்டேன்.

நான் எழுந்து, "எனக்குத் தெரியாதுங்க, ஏமாந்து நட்டுட்டேன்" என்றேன். ஒரு பெரியவர் தலையை ஆட்டிக்கொண்டே, "உன் கைதானேம்மா நட்டது?" என்றார். இசாலேயைப் பிடுங்கினால் என் பிள்ளைகளுக்கு ஆகாது. அது உனக்குத் தெரியும். தெரிந்துதான் கூலி ஆள் வேண்டாம் என்று எழுதினாய். சின்னவள் பாவாடையில் மண்ணை அள்ளி அள்ளிக் கொண்டுவந்து போட்டாளே.

ஷிரிமா என்னோடு வீடு வரைக்கும் நடந்து வந்தார். சிரித்திருந்தால்கூடத் தேவலை.

நேருக்கு நேர் வந்து "அக்கா, வீட்டை விடு" என்று கேட்டிருந்தால் சண்டை போட்டிருப்பேன், அழுதிருப்பேன், ஒருவேளை விட்டிருப்பேன். நீ கேட்கவே இல்லையே.

லியோகாடியா


தாருஸ்ஸலாம்
20 அக்டோபர் 1996

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதத்தைப் பெனடெட்டாவுக்குக் காட்டவில்லை. காட்ட முகமில்லை.

கேட்டிருந்தால் நீ மறுத்திருப்பாய். ஊரான் வீட்டையெல்லாம் காலி பண்ணச் சொல்கிறவன் தன் வீட்டை மட்டும் காப்பாற்றிக்கொண்டான் என்று பேசியிருப்பார்கள், எனக்கு இந்த வேலையும் கிடைத்திருக்காது. அதை மறைக்கவில்லை. ஆனால் மலை நிஜமாகவே நிறைந்துவிட்டது அக்கா. ஊற்று வற்றினால் ஷிரிமாவுக்கும் இல்லை, உனக்கும் இல்லை. யாராவது ஒருவர் முதலில் நகர வேண்டியிருந்தது. நான் சொன்னால் எதையும் செய்கிற ஆள் நீ ஒருத்திதான் எனக்கு இருந்தாய்.

வீட்டிலிருந்து கொண்டுவந்து இங்கே தொட்டியில் வைத்த இசாலேயிலிருந்து ஓர் இலை பறித்து, முடிச்சுப் போட்டு, ஈரத் துணியில் சுற்றி பஸ் டிரைவரிடம் கொடுத்திருக்கிறேன். மன்னிப்புக் கேட்டு முடிச்சுப் போட்ட இலை வாசலுக்கு வந்தால் நம்மில் யாரும் திருப்பி அனுப்பியதில்லை. என்னை மன்னித்துவிடு. டிசம்பரில் கிறிஸ்துமஸுக்கு அறுக்கிற ஆட்டை நான் வாங்கி வருகிறேன்.

உன் தம்பி,
ரொகாத்தி


ரொம்போ
1 டிசம்பர் 1996

ரொகாத்திக்கு,

இலை வந்தது. டிரைவர் வாசலில் நின்று நீட்டினார். கையை நீட்டாமல் எவ்வளவு நேரம் நிற்க முடியும்? வாங்கிக்கொண்டேன்.

ஆகவே மன்னித்தாயிற்று. அதில் என் விருப்பம் எதுவும் இல்லை. வாங்கிய பிறகு இதைப் பற்றிக் கோபப்படக் கூடாது, நாலு பேரிடம் சொல்லி அழவும் கூடாது. வீட்டை எடுத்துக்கொண்ட பிறகு எனக்கு மிச்சம் இருந்தது அந்தக் கோபம் ஒன்றுதான். இசாலே நட வைத்து வீட்டை வாங்கினாய், இசாலே இலை அனுப்பி அதையும் வாங்கிவிட்டாய். உன் படிப்பு வீண்போகவில்லை.

கூரைத் தகரத்தை நேற்றுப் பிரித்துவிட்டார்கள். நாளைக் காலை சமவெளிக்கு இறங்குகிறோம். மாட்டை ஷிரிமா வைத்துக்கொள்கிறார், அங்கே புல் கிடையாது.

ஒரே ஒரு விஷயம் உனக்காகப் போய்க் கேட்டேன். போன மாதம் மரக்கன்று நட வந்த அதிகாரியிடம், "ஐயா, எங்கம்மா பக்கத்துல என் தம்பிக்குன்னு ஒரு எடம் சொல்லி வெச்சிருக்கு. அதை மட்டும் விட்டுடுங்க" என்றேன்.

"இருக்கற கல்லறை இருக்கட்டும்மா. புதுசாத் தோண்டக் கூடாது. யாரா இருந்தாலும் சரி. எங்க தலைவர் கையெழுத்துப் போட்ட விதி."

"அவருக்கேவா?"

அதிகாரிக்குப் புரியவில்லை. வரிசை தப்பக் கூடாது என்று அளந்து பார்த்து, அம்மாவுக்கு இடது பக்கத்தில் ஒரு கன்றுக்குக் குறி போட்டார். மண் அங்கே இறுகிக் கிடந்தது, அவருடைய ஆளால் தோண்ட முடியவில்லை. மண்வெட்டியை வாங்கி நானே தோண்டிக் கொடுத்தேன்.

கிறிஸ்துமஸுக்கு எல்லோரும் மலைக்கு வருவார்கள். நீயும் வருவாய். ஆட்டை யார் வாசலில் கட்டுவாய் என்று எனக்குத் தெரியவில்லை. அம்மாவைப் பார்க்கப் போனால் கன்றுக்கு ஒரு குடம் தண்ணீர் ஊற்று. நல்ல இடம் என்பதால் நன்றாகப் பிடித்துக்கொண்டிருக்கிறது.

லியோகாடியா