உன் பக்கத்துக் கண்ணாடி

காலையில் மகளை அழைத்துவர விமான நிலையத்துக்குப் புறப்படும்போது, விறகுப்புரையில் அந்தப் பழைய தேங்காயெண்ணெய் கேன் கையில் பட்டது. மூடியைத் திறந்து மோந்து பார்த்தேன். இத்தனை வருடத்துக்குப் பிறகும் பெட்ரோல் வாசனைதான். கூடவே உன் குரல்.

நம் காரின் பெட்ரோல் முள் எவ்வளவு ஊற்றினாலும் பாதியிலேயே நிற்கும். அதைச் சரிசெய்யாமல், டிக்கியில் இந்தக் கேனில் ஐந்து லிட்டர் பெட்ரோலை வைத்துக்கொண்டு அலைந்தவன் நான். பத்தாம் வகுப்பைத் தாண்டாத மூளைக்கு அது பெரிய கண்டுபிடிப்பு. நீ ஏறியதும் உன் பக்கத்துக் கண்ணாடியை நாலு விரல் இறக்குவாய்.

"ஏட்டி, சாரல் அடிக்கு."

"அடிக்கட்டும். பிள்ளைக்கு மூச்சு முட்டுதுல்லா."

இராஜாக்கமங்கலம் கல்யாணம் நினைவிருக்கிறதா? பந்தி முடிந்து, வெயிலில் நின்ற வண்டிக்கு வந்தோம். மகள் பின்சீட்டில் ஏறிப் படுத்துவிட்டாள். சாவியைத் திருகப்போன என் கையைப் பிடித்தாய்.

"வாசம் கூடுதலா இருக்கு. டிக்கியத் தொறந்து பாருங்க."

கேன் பலாப்பழம்போல் வீங்கி, மூடியோரம் கசிந்து, விரிப்பெல்லாம் நனைந்திருந்தது. நீ பிள்ளையைத் தூக்கிக்கொண்டு தூரத்துத் தென்னை மூட்டில் போய் நின்றாய்.

"பிள்ளைக்கத் தலைமாட்டுல தீய வச்சிட்டா வண்டி ஓட்டுதீங்க?"

பின்னாலேயே வந்த என்னிடம் சத்தம் போடாமல் கேட்டாய்.

கேனை வெட்டவெளியில் கொண்டு வைத்துவிட்டு, கதவுகளைத் திறந்துபோட்டு, பட்டுவேட்டி கட்டிய நாலு பேரோடு வண்டியை நிழலுக்குத் தள்ளினேன். "என்ன மக்கா, பெட்ரோல் தீந்து போச்சா?" என்றார் ஒருவர். "இல்ல, கூடிப் போச்சு" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். நீ மட்டும் சிரிக்கவில்லை. வாசனை போகும்வரை வண்டியில் ஏறவும் இல்லை.

மறுநாளே முள்ளைச் சரிசெய்தேன். பாதி குறைந்ததும் பெட்ரோல் பங்குக்குப் போக வேண்டும் என்பது அன்றிலிருந்து உன் சட்டம்.

நீ போய் இரண்டு மழைக்காலம் ஆகிவிட்டது. இன்று தனியாக நெடுந்தூரம் என்றதும், கேனை நிரப்பிக்கொள்ளலாமா என்று ஒரு நிமிடம் யோசித்தேன். புத்தி இன்னும் பத்தாம் வகுப்புதான். பிறகு கேனைப் புரையிலேயே வைத்துவிட்டு, வழியில் டேங்கை நிரப்பிக்கொண்டேன்.

இதை விமான நிலையத்து வாசலில், வண்டிக்குள் இருந்து எழுதுகிறேன். டிக்கியில் ஒன்றும் இல்லை. ஆனாலும் வழியெல்லாம் உன் பக்கத்துக் கண்ணாடி நாலு விரல் இறங்கித்தான் இருந்தது. களியக்காவிளை தாண்டியதும் மழை பிடித்தது. ஏற்றத் தோன்றவில்லை.

சீட்டு நனைந்து கிடக்கிறது. மகள் வருமுன் துடைக்க வேண்டும்.