பின்கதவின் நிறம்

வீரபாண்டி, திருப்பூர்
வெள்ளிக்கிழமை

அன்பு மகள் சண்முகப்பிரியாவுக்கு அம்மா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் குட்டிக் குகனும் அந்த ஊர் மழையிலும் குளிரிலும் சளி காய்ச்சல் அண்டாமல் இருக்க சிவன்மலை முருகன் துணையிருக்கட்டும். இங்கே எல்லோரும் சௌக்கியம் என்று எழுதுவதுதான் முறை, அதனால் எழுதிவிட்டேன், மீதியை நிதானமாகப் படி. தினமும் வீடியோவில் முகம் பார்த்துப் பேசுகிற அம்மா எதற்குத் தாளும் பேனாவும் எடுத்தாள் என்று பதறாதே கண்ணு. நான் போனை எடுத்தால் போதும், அப்பா எங்கிருந்தாலும் வந்து பக்கத்தில் உட்கார்ந்து ஸ்பீக்கரில் போடச் சொல்கிறார், மாடிக்குப் போய்ப் பேசினால் என்ன ரகசியம் என்று கேட்கிறார். எதிர்வீட்டுக் கோமளா தன் மகளைப் பார்க்க டப்ளினுக்கு வருகிறாள் அல்லவா, அவளிடம் உனக்கு ஊத்துக்குளி நெய்யும் குகனுக்கு நம் யூனிட்டில் தைத்த பனியன்களும் கொடுத்தனுப்புகிறேன். இதை அந்தப் பனியன்களுக்கு நடுவே மடித்து வைத்திருக்கிறேன். மாப்பிள்ளையோடு சேர்ந்தே படி, அவரிடம் மறைக்க என்ன இருக்கிறது. உன் தம்பி வேல்குமாரிடம் மட்டும் இப்போதைக்கு மூச்சு விடாதே.

தை மாதம் நீங்கள் வந்ததும் பழனியில் குகனுக்கு மொட்டை, வேல்குமார் மடியில் உட்கார வைத்து எடுக்க வேண்டும், எல்லோரும் நம் வண்டியிலேயே போக வேண்டும், அப்பாவே ஓட்ட வேண்டும், அதற்குள் பெரிய வண்டியாக ஒன்று வாங்கிவிட வேண்டும் என்று அவர் ஒற்றைக்காலில் நிற்பது உனக்குத் தெரியும். இருக்கிற சின்ன வண்டியில் குழந்தைக்கு ஒரு சீட்டைக் கட்டிவிட்டால் அப்புறம் யார் எங்கே உட்காருவது, பெட்டிகளைத் தலையிலா வைத்துக்கொள்வது என்று கேட்கிறார், அது நியாயம்தான். இப்போது யாரைப் பார்த்தாலும் உயரமான வண்டியாகத்தான் வாங்குகிறார்கள். அப்பாவுக்கு அது ஆகவே ஆகாது, ஏணி வைத்து ஏறுகிற வண்டியெல்லாம் தோட்டத்துக்கு, டிக்கி தனியாகப் பின்னால் நீண்டிருந்தால்தான் குடும்ப வண்டி என்பார். அவினாசி ரோட்டில் ஒரு ஷோரூமுக்கு என்னையும் கூட்டிக்கொண்டு போனார். டை கட்டிய பையன் ஏர்பேக், கியர் போடாமல் ஓட்டுகிற வசதி, பின்னால் வருவதைக் காட்டும் கேமரா என்று ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல எனக்குப் பிடித்திருந்தது. அப்பா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு சீட் துணியைக் கிள்ளிப் பார்த்து இதில் பாலியஸ்டர் எத்தனை என்றார், அந்தப் பையன் முழித்த முழியைப் பார்த்து நான் வெளியே வந்து சிரித்தேன். நாங்கள் கேட்ட மாடல் கைக்கு வர மாசி ஆகிவிடுமாம். வெளியே வந்ததும் அப்பா, புது வண்டி கேட்டைத் தாண்டுனதுமே செகண்ட்ஸ் ஆயிப்போவுது சாரதா, அதுக்குப் பதிலா நல்லதாப் பழசே பாக்கலாம் என்று ஆரம்பித்துவிட்டார். முன்னால் யார் ஓட்டினார்களோ, எங்கே கொண்டுபோய் இடித்தார்களோ, குழந்தை ஏறுகிற வண்டி ஆயிற்றே, வாரண்டியோடு புதுசாக இருக்கட்டும், பழனிக்கு வேண்டுமானால் வாடகைக்கு எடுத்துக்கொள்ளலாம் என்று நானும் சொல்லிப் பார்த்தேன். எல்லாம் நான் பார்த்துக்கொள்கிறேன் என்றுவிட்டார்.

பழைய வண்டிக்கு ஜெபக்குமார் என்று ஒரு புரோக்கர் வந்தார், திருநெல்வேலிப் பக்கத்துக்காரர், வாய் ஓயாது. கொண்டுவந்தது நீலம் கலந்த சாம்பல் நிறத்தில் ஒரு செடான், ஒரே ஓனர், அதுவும் டாக்டராம். நம் ஊரில் விற்பனைக்கு வருகிற பழைய வண்டிகள் எல்லாமே ஏதோ ஒரு டாக்டர் ஓட்டியதாகத்தான் இருக்கின்றன, இத்தனை டாக்டர்கள் எங்கே இருக்கிறார்கள் என்று தெரியவில்லை. அவர் முதலில் சாயங்காலமாகக் கொண்டுவந்தார். விளக்கு வைக்கிற நேரத்தில் எந்தத் துணி லாட்டையும் அப்பா ஓகே செய்ததில்லை என்று உனக்குத் தெரியுமே, நாளைக்கு உச்சி வெயில்ல கொண்டாங்க என்று அப்படியே திருப்பி அனுப்பிவிட்டார். மறுநாள் வெயிலில் நிறுத்தி அவர் பார்த்த பார்வையை நீ பார்த்திருக்க வேண்டும். இன்ஜினைத் திறக்கச் சொல்லவில்லை. மிதியடியைத் தூக்கி அடிப்பக்கம் பார்த்தார், சீட்டின் தையலை இரண்டு கையாலும் இழுத்துப் பார்த்தார், வெள்ளைக் கைக்குட்டையை நனைத்து உள்ளே எல்லா இடத்திலும் தேய்த்துச் சாயம் ஒட்டுகிறதா என்று பார்த்தார். ஜெபக்குமாருக்குச் சிரிப்பு அடக்க முடியவில்லை, அண்ணாச்சி, இது பனியன் இல்ல, காரு பாத்துக்கிடுங்க, துவைச்சா சுருங்காது என்றார். அப்பா அசரவே இல்லை, எதா இருந்தாலும் சாயம் சாயந்தானுங்க என்று சொல்லிவிட்டு வண்டியைச் சுற்றி வர ஆரம்பித்தார். டயர் நாலும் ஒரே வயசா, கம்பெனியில் சர்வீஸ் செய்த விவரம் இருக்கிறதா, மழைத் தண்ணீரில் நின்ற வண்டியா என்று நான்தான் கேட்டுக்கொண்டிருந்தேன், நீ அனுப்பிய வீடியோவில் பார்த்ததெல்லாம் அப்போது உதவியது.

நானும் அவர் பின்னாலேயே சுற்றி வந்தேன். இடது பக்கம் வந்து நின்றதும் எனக்குத் திக்கென்றது. பின்கதவு மட்டும் வேறு நிறம் கண்ணு. கொஞ்சம் பச்சை ஓடிய சாம்பல், தட்டி நிமிர்த்திப் புதுசாகப் பெயின்ட் பூசியது, அல்லது கதவையே மாற்றியது. எங்கேயோ பலமாக அடி வாங்கிய வண்டி என்று எனக்கே புரிந்துவிட்டது. அப்பா இருக்கும்போது நான் எதற்குச் சொல்ல வேண்டும், ஜெபக்குமார் இன்றைக்கு நன்றாக மாட்டிக்கொண்டார், அப்பா கிழி கிழி என்று கிழிக்கப்போகிறார் என்று உள்ளுக்குள் வேடிக்கை பார்க்கக் காத்திருந்தேன். அப்பா அந்தக் கதவுக்கு முன்னால் நின்றார், உள்ளங்கையால் தடவினார், தலையைச் சாய்த்து இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்தார். பிறகு திரும்பி, ஒரே லாட்டுங்க, ஷேடு சுத்தமா இருக்குது, அட்வான்ஸ் எப்பக் குடுக்கட்டும் என்றார்.

தைத்த சட்டையில் கைத்துணியும் உடம்புத் துணியும் இம்மி மாறியிருந்தால் தூரத்திலிருந்தே கண்டுபிடிக்கிற மனுஷன், செங்கோட்டையன் பார்த்து ஓகே சொன்னால் வேறு யாரும் பார்க்க வேண்டியதில்லை என்று சரக்கு வாங்குகிற பையிங் ஆபீஸ்காரர்களே சொல்கிற மனுஷன். வெளியாள் முன்னால் அவரை எப்படிக் குறை சொல்வது, ஏனுங்க, சீட்டு தாழ்வா இருக்குதுங்க, எனக்கு ஏறி எறங்க மொழங்கால் வலிக்குது, நாளைக்குப் பாத்துக்கலாமுங்க என்று சொல்லி உள்ளே அழைத்து வந்துவிட்டேன். அவருக்குக் கோபம். எனக்கு அன்றிலிருந்து சோறு இறங்கவில்லை.

யோசித்துப் பார்த்தால் எல்லாம் ஒன்றோடொன்று வந்து சேர்கிறது. ஆடி மாதம் ஒரு நேவி ப்ளூ லாட்டு நிறம் ஒத்துவரவில்லை என்று திரும்பி வந்ததே, அப்பா சாயப்பட்டறைக்காரரைத் திட்டினார், வேல்குமார் நீங்கள்தானே அப்பா பார்த்து ஓகே செய்தீர்கள் என்று கேட்டுவிட்டான், அன்றிலிருந்து முதலிபாளையம் யூனிட்டில் இரண்டு பேருக்கும் பேச்சு அளவோடுதான். அதனால்தான் அவனிடம் சொல்லாதே என்றேன், தெரிந்தால் அவன் சும்மா இருக்கமாட்டான், யூனிட்டிலும் விஷயம் பரவிவிடும், அப்பா தலை நிமிர்ந்து உள்ளே போக முடியாது. போன வாரம் தாராபுரம் ரோட்டில் வரும்போது எதிர்வண்டி வெளிச்சத்தில் அப்பா கண்ணைச் சுருக்கிக்கொண்டே ஓட்டினார், ஓரமாக சைக்கிளில் போனவரைக் கடைசி நொடியில்தான் பார்த்தார், நான் கத்தியே விட்டேன். வண்டிக் கண்ணாடியில் அழுக்கு என்றார். அன்றைக்குத் துடைத்துவிட்டுத்தான் கிளம்பியிருந்தோம், துடைத்தது நான்தான். கண் டாக்டரிடம் போகலாமா என்று பேச்சோடு பேச்சாகக் கேட்டேன், எனக்கென்ன கேடு, ஊசில நூல் கோத்துக் காட்டட்டுமா என்று எழுந்து போய்விட்டார். கோத்துக் காட்டவில்லை.

இப்போது என் பயமெல்லாம் தை மாதத்தை நினைத்துத்தான். பழனி ரோடு தை மாதத்தில் எப்படி இருக்கும் என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை, விடியாத இருட்டில் பாதயாத்திரைக்காரர்கள் கூட்டம் கூட்டமாக ரோட்டோரம் நடந்துகொண்டிருப்பார்கள், தூக்கக் கலக்கத்தில் நடு ரோட்டுக்கே வருவார்கள், காவடியோடு சின்னப் பிள்ளைகளும் இருக்கும். அதில் இவர் வண்டி ஓட்ட, பின்னால் நீயும் குழந்தையும் உட்கார்ந்திருக்க, நினைத்துப் பார் கண்ணு. ஓட்டாதீர்கள் என்று நான் எப்படிச் சொல்வேன், பேரனை நானே கொண்டுபோகிறேன் என்று ஊரெல்லாம் சொல்லி வைத்திருக்கிறார். கண்ணில் பொறை விழுந்திருந்தால் எடுத்துவிடலாம், கோமளாவின் மாமியாருக்கு எடுத்தார்கள், இப்போது டிவியில் கீழே ஓடுகிற எழுத்தைக்கூடப் படிக்கிறார்கள். அப்பாவுக்குச் சர்க்கரை வேறு இருக்கிறதே, நரம்பில் ஏதாவது என்றால் என்ன செய்வது என்றுதான் என் மனசு அடித்துக்கொள்கிறது. நீ பயணத்துக்கு டிக்கெட் போடும்போதே கோயம்புத்தூர் ஏர்போர்ட்டிலிருந்து டிரைவரோடு வண்டி சொல்லிவிட்டோம், மாப்பிள்ளை ஆபீசிலேயே ஏற்பாடு என்று ஏதாவது ஒரு பொய்யைத் தயாராக வைத்துக்கொள். மகள் சொன்னால் அவர் கேட்பார், நான் சொன்னால் எதிர்ப்பேச்சாகத்தான் படுகிறது.

திங்கட்கிழமை

கோமளாவின் பயணம் நாளைக்குத் தள்ளிப்போனதால் இதைத் தொடர்கிறேன். நேற்று ஜெபக்குமார் போன் செய்து அண்ணாச்சி, வேற ஆளு கேக்காவ, சீக்கிரம் சொல்லுங்க என்று அவசரப்படுத்தினார். அப்பா, வேண்டாமுங்க, அவங்களுக்கே குடுத்துருங்க என்று வைத்துவிட்டார். எனக்கு ஆச்சரியம், போய் இலையைப் போட்டேன். சாப்பிட உட்கார்ந்தவர் சோற்றைப் பிசைந்துகொண்டே, சாரதா, அந்த வண்டில உனக்கு எது புடிக்கல, சொல்லு என்றார். மொழங்காலுங்க என்றேன். மொழங்காலு இல்ல, அந்தப் பக்கம் வந்து நின்னதும் உன்ற மூஞ்சி மாறுச்சு, அத நான் பாத்தேன், சரி அங்க என்னமோ இருக்குதுன்னு நானும் திரும்பத் திரும்பப் பாத்தேன், எனக்கு ஒண்ணுமே தெரியல என்றார்.

கதவு தெரியவில்லை, என் முகம் மாறியது தெரிந்திருக்கிறது. பின்கதவுங்க, வேற நிறமுங்க என்றேன். எத்தன வித்தியாசம், பக்கத்துல போனாத்தான் தெரியுமா என்று கேட்டார், ஏதோ துணியைப் பற்றிக் கேட்கிற மாதிரியே. பொய் சொல்ல வாய் வரவில்லை, ரோட்டுல இருந்தே தெரியுதுங்க என்றேன். கையை இலையிலிருந்து எடுத்துவிட்டார். அப்ப அந்த நேவி லாட்டுல வேல்குமாரு சொன்னது நெசமாட்ட இருக்குது, பாவம் அந்தப் பட்டறைக்காரன அத்தன பேச்சுப் பேசிப்போட்டேன் என்றார். எத்தனை நாளாக இப்படி என்று கேட்டேன், கண் மங்கி வருவது கொஞ்ச நாளாகவே அவருக்குத் தெரியுமாம், என்னிடம் சொல்ல வேண்டும் என்று வருவாராம், சொன்னால் யூனிட்டை மூடச் சொல்லிவிடுவேன் என்று பயந்தாராம். நான் எப்போது அப்படிச் சொன்னேன், நீயே சொல்.

வியாழக்கிழமை கோயம்புத்தூர் கண் ஆஸ்பத்திரிக்குப் போகிறோம். வேல்குமாரைக் கொண்டுவிடச் சொல்லட்டுமா என்றேன், டாக்டர் என்ன சொல்றாங்கன்னு பாத்துட்டு அவங்கிட்ட நானே பேசிக்கிறேன் என்றார். டாக்சி சொல்லட்டுமா என்றால், ஸ்டாண்டில் எல்லோரும் தெரிந்தவர்கள், எதற்கு என்று கேட்பார்களாம். வண்டிச் சாவியை அவரே எடுத்து என்னிடம் கொடுத்துவிட்டு, பஸ்ஸுல போயிக்கலாம் சாரதா, போர்டு மட்டும் நீ படிச்சுச் சொல்லு என்றார். நான் சமையலறைக்குள் போய் மிக்சியை வெறுமனே ஓடவிட்டு அழுதேன். இதைப் புள்ளைக்குச் சொல்லிப்போடாத, அத்தன தூரத்துல இருந்து பயந்துக்கும் என்று அப்பா சொன்னதற்கும் சரி என்று தலையாட்டினேன். கடிதம் அதற்குள் பனியன்களுக்கு நடுவே இருந்தது, எடுத்துக் கிழித்துப்போட மனசு வரவில்லை, எனக்கும் யாரிடமாவது சொல்ல வேண்டும் அல்லவா.

டாக்டர் என்ன சொன்னாலும் உனக்கு உடனே தகவல் வரும், கிடைத்தது என்று மட்டும் ஒரு வரி அனுப்பு, வேறெதுவும் எழுதாதே, அப்பா என் போனைப் பார்ப்பார். நெய்யைக் குளிரில் வைக்காதே, உறைந்துவிடும். குகனுக்குத் தலைமுடியை அங்கே கத்தரித்துவிடாதீர்கள், பழனி ஆண்டவனுக்கு நேர்ந்தது. நீங்கள் மூவரும் நோய்நொடி இல்லாமல், கண் கை கால் சுகமாக, நினைத்ததெல்லாம் நடந்து நிறைவாக வாழ வேண்டும் என்று முருகனை வேண்டிக்கொள்கிறேன். போனில் அப்பாவிடம் எப்போதும் போலப் பேசு, வண்டி பார்த்தாச்சா, புதுசா பழசா, டிக்கி பெரிசா என்று எல்லாம் கேள், அவருக்குச் சந்தோஷமாக இருக்கும். என்ன கலர் என்று மட்டும் கேட்டுவிடாதே.

உன் அம்மா,
சாரதாமணி