எல்லாக் குழாயும் ரோஜா நிறம்

10-6-82
மதராஸிலிருந்து புதுப் பரிசோதனைப் பெட்டி வந்துவிட்டது. லேபில் இருபத்திரண்டு வருடமாக ஒரு நாள் முழுக்கக் காத்திருந்து நான் கண்டுபிடிக்கிற கிருமியை இது நாலு மணி நேரத்தில் சொல்லிவிடுமாம். சின்னக் குழாயில் மஞ்சள் நீர். நோயாளியின் சிறுநீரிலிருந்து எடுத்த கிருமியைப் போட்டு, குழாய் வாயை விரலால் மூடிக் குலுக்கி வைத்தேன். ரோஜா நிறமானால் சிறுநீரகத்தில் கல் வளர்க்கும் புரோட்டியஸ், அதற்கு ஊசி. மஞ்சளாகவே இருந்தால் மாத்திரை போதும். டாக்டர் ஆதிலட்சுமி அம்மாவுக்கு வாயெல்லாம் பல்.

14-6-82
ஐந்து பேர். ஐந்தும் ரோஜா.

17-6-82
ஏழுக்கு ஏழு ரோஜா. இந்த ஊருக்கு ஒரு மலை போதாதா, ஆளுக்கொரு கல் வேறு வேண்டுமா? கீழ்பென்னாத்தூர் தசரதனுக்குப் பதினான்கு ஊசி எழுதியாயிற்று. ஜூலை நாலாம் தேதி மகள் கல்யாணம். "தாரை வாத்துக் குடுக்க மணையில உக்காரணும் பாய். உக்கார உடுமா இந்த ஊசி?" என்றார்.

19-6-82
டாக்டர் அம்மா கூப்பிட்டார்கள். "எல்லாருக்கும் ஒரே ரிசல்ட்டுன்னா லேப் எதுக்கு நூருல்லா? மாசக் கடைசிக்குள்ள சரியாகலன்னா சாம்பிளை வேலூருக்கே அனுப்பிடறேன்." அப்புறம் நான்? வெயிலில் பெட்டி கெட்டுவிட்டதென்று கம்பெனிக்குச் சூடாக எழுதினேன். 'உங்கள் குழாயைவிடக் கிளி ஜோசியம் நம்பகமானது.' வெற்றிலை போட்ட பிறகுதான் மனசு ஆறியது.

24-6-82
முதல் நோன்பு. நாலு குழாய். நாலும் மஞ்சள்! பெட்டிக்குத் திடீரென்று புத்தி வந்துவிட்டதா?

25-6-82
இன்றும் மஞ்சள். அதே தண்ணீர், அதே வெயில், அதே பெட்டி. மத்தியானம் பழக்க தோஷத்தில் கை சுண்ணாம்பு டப்பியைத் தேடியது. நோன்பாச்சே என்று கையை எடுத்தேன் — அய்யோ. வெத்தலைக்குச் சுண்ணாம்பு தடவுற விரலாலதானே குழாய் வாயை மூடிக் குலுக்கினேன்! கிருமியே இல்லாத குழாயில் துளி சுண்ணாம்பு போட்டுப் பார்த்தேன். அப்படி ஒரு ரோஜா. பழைய குழாய்க்குப் பஞ்சு அடைப்பு, அதனால் இத்தனை வருடம் தப்பித்தேன். தசரதனுக்கு ஒன்பது ஊசி போயாச்சு. வெயில் என்றே சொல்லிவிட்டால் யாருக்குத் தெரியும்?

28-6-82
மூன்று நாளாக வாய் திறக்கவில்லை. தசரதனுக்கு மேலும் மூன்று ஊசி போயாச்சு. இன்று கம்பெனியின் பதில்: 'தங்கள் ஊர் வெயிலுக்கு வருந்துகிறோம். புதுப் பெட்டி இலவசம்.' இதற்குமேல் தாங்கவில்லை, அம்மாவிடம் சொல்லிவிட்டேன். நர்ஸ் சரோஜா சிரித்த சிரிப்பில் ஊசித் தட்டு கீழே விழுந்தது. அம்மா சிரிக்கவில்லை. "இனிமே தினம் ஒரு வெறும் குழாயும் வெச்சுப் பாருங்க. அது மஞ்சளா இருந்தாதான் மத்ததை நம்புவேன். தசரதனுக்கு ஊசியை நிறுத்திடறேன். அவர்கிட்ட நீங்களே போய்ச் சொல்லுங்க." வேலூர் பேச்சை எடுக்கவில்லை.

4-7-82
நாளை நாளை என்று தள்ளி, கல்யாணத்துக்கே போனேன். தசரதன் மணையில் தலையணை போட்டு உட்கார்ந்து தாரை வார்த்தார். பிறகு ஓரமாகக் கூட்டிப்போய் எல்லாவற்றையும் சொன்னேன். "உங்க வெத்தலைக்கு என் பின்பக்கமா கெடச்சுது பாய்?"

கிளம்பும்போது தாம்பூலத் தட்டோடு வந்தார். "நோன்பு தொறந்துட்டுப் போடுங்க." வெற்றிலை, பாக்கு, பழம் எல்லாம் என் கையில் கொடுத்தார். தட்டிலிருந்த சுண்ணாம்பு டப்பியை மட்டும் எடுத்துத் தன் இடுப்பில் செருகிக்கொண்டார்.