கோவில் வாசலில் கால் கழுவியது

அன்புள்ள அம்மாவுக்கு,

நாங்கள் சுகம். போனில் கதைப்பது உங்களுக்குக் கேட்பதில்லை, அதனால் எழுதுகிறேன். கால் புண்ணுக்கு மருந்து கட்டும் பிள்ளை ஒழுங்காக வருகிறாளா?

உங்கள் பேத்தி துவாரகா படிப்பை முடித்ததற்காக அவளோடு யப்பான் போய்வந்தேன். வந்த மறுநாளே வேலை, இன்னும் களைப்பு தீரவில்லை. கியோட்டோவில் ஒரு மலை முழுக்கச் சிவப்பு வாசல்கள், ஆயிரக்கணக்கில். அழகுதான், என் முழங்காலுக்குத்தான் பிடிக்கவில்லை. அடிவாரக் கோவிலில் தண்ணீர்த் தொட்டியும் அகப்பையும் இருந்தன. சப்பாத்தைக் கழற்றிக் கால் கழுவினேன். அது கை கழுவ மட்டும் என்று மகள் டெனிஷ் மொழியில் முணுமுணுத்தாள்.

“கோவிலெண்டா கால் கழுவிப்போட்டுத்தானே போறது” என்றேன்.

முற்றம் கூட்டிக்கொண்டிருந்த வயதான பெண் துவாயோடு வந்தார். ஏசப்போகிறார் என்று நினைத்தேன். அவரோ குந்தியிருந்து என் இரண்டு காலையும் துடைத்துவிட்டார்.

இங்கே டென்மார்க்கில், கோல்டிங்கில் நான் வேலை செய்யும் முதியோர் இல்லத்தில் தினமும் எட்டுப் பேருக்குக் கால் துடைக்கிறேன். எனக்கு ஒருவர் துடைத்தது, சின்ன வயதில் நீங்கள் துடைத்ததற்குப் பிறகு அன்றுதான்.

பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. அந்தப் பிள்ளையிடம் சொல்லுங்கள், மருந்து கட்டுவதற்கு முன் விரலிடுக்கில் ஈரம் இல்லாமல் துடைக்க வேண்டும். அவசரப்படாமல் துடைக்கச் சொல்லுங்கள்.

உங்கள் மகள்,
நளாயினி